சதுர அடிக்கு எத்தனை ரன்னிங் அடி?

10 அடிக்கு 12 அடி அறை. தரைக்கு மரப்பலகை போட வேண்டும். பெருக்கிப் பார்த்தால் 120 சதுர அடி. பலகை வாங்கப் போனால் "எத்தனை ரன்னிங் அடி வேண்டும்?" என்று கேட்கிறார்கள். கையில் இருப்பது பரப்பு, கேட்பது நீளம்.

ஒரு சதுர அடிக்கு இத்தனை ரன்னிங் அடி என்று ஒரே ஒரு எண் இருந்தால் வசதியாகத்தான் இருக்கும். கிலோவுக்கு 1,000 கிராம் என்பது போல மனப்பாடம் செய்துவிடலாம். ஆனால் அப்படி ஓர் எண் கிடையாது. கிலோவும் கிராமும் எடையைத்தான் அளக்கின்றன. சதுர அடிக்கு இரண்டு திசை, அடிக்கு ஒரே திசை. விட்டுப்போன இன்னொரு திசையை யாராவது சொன்னால்தான் கணக்கு நகரும். அதுதான் பொருளின் அகலம்.

ஓர் அடிக்கு ஓர் அடி காகிதம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதை 6 அங்குல அகலத்தில் இரண்டு பட்டையாக வெட்டி, ஒன்றின் நுனியில் இன்னொன்றை வைத்தால் 2 அடி நீளம். 3 அங்குலப் பட்டைகளாக வெட்டியிருந்தால் 4 அடி. காகிதம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. பட்டை ஒல்லியாக ஆக ஆக நீளம் ஏறுகிறது, அவ்வளவுதான். பரப்பை அகலத்தால் வகுத்தால் நீளம் என்று சூத்திரமாகச் சொல்வது இதைத்தான். நம் அறைக்கு 6 அங்குலப் பலகை என்றால், 6 அங்குலம் அரை அடி, 120ஐ 0.5ஆல் வகுத்தால் 240 ரன்னிங் அடி.

இங்கே அவசரப்பட்டு 120ஐ 6ஆல் வகுத்து 20 என்று எழுதிவிடுகிறவர்கள் உண்டு. மேலே அடி, கீழே அங்குலம் என்று கலந்துவிட்டது. இரண்டையும் அங்குலத்துக்கே மாற்றலாம். ஆனால் ஒரு சதுர அடிக்கு 144 சதுர அங்குலம், 12 அல்ல. மீட்டரிலும் இதே வழுக்கல்தான். ஒரு மீட்டருக்கு 3.28 அடி என்று எல்லோருக்கும் தெரியும். அதை வைத்து 20 சதுர மீட்டரை 66 சதுர அடி என்று போட்டால் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் காணாமல் போய்விடும். ஒரு சதுர மீட்டருக்கு 10.76 சதுர அடி. சரியான விடை 215.

இதுவரை பள்ளிக்கூடக் கணக்கு. எனக்கு முக்கியமாகப் படுவது இதற்கு அடுத்த கேள்வி: வகுக்க வேண்டியது எந்த அகலத்தால்?

பக்கவாட்டில் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும் தரைப் பலகை ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஒரு விளிம்பு நெடுக நாக்குப் போல ஒரு நீட்டல், எதிர் விளிம்பில் அது நுழைய ஒரு காடி. டேப்பை வைத்து அளந்தால், நாக்கையும் சேர்த்து ஐந்தரை அங்குலம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பலகையைப் பதித்ததும் அரை அங்குல நாக்கு பக்கத்துப் பலகைக்குள் போய் மறைந்துவிடும். தரையை மூடுவது 5 அங்குலம்தான். பெயரிலும் குழப்பம் இருக்கலாம். வட அமெரிக்க மர அளவுகளில் '6 அங்குலம்' என்று அழைக்கப்படும் இழைத்த பலகையே உண்மையில் ஐந்தரை அங்குலம்தான். அந்த '6' வெறும் பெயர்.

அதே அறைக்கு மூன்று அகலங்களையும் போட்டுப் பார்ப்போம். பெயரில் உள்ள 6 அங்குலத்துக்கு 240 அடி. அளந்த ஐந்தரைக்கு ஏறக்குறைய 262. மூடும் அகலமான 5க்கு 288. முதல் எண்ணை நம்பி வாங்கியவருக்கு 48 அடி குறையும். இதைச் சேதாரம் என்று சொல்லிவிடக் கூடாது. வெட்டும்போது வீணாவதற்கென்று தனியே கொஞ்சம் சேர்ப்போமே, அது இதற்கும் மேல் வரவேண்டியது.

சில வேலைகளில் இது தலைகீழாகும். வெளிப்புற மேடைகளில் தண்ணீர் வடிய பலகைகளுக்கு நடுவே இடைவெளி விடுவார்கள். 140 மில்லிமீட்டர் பலகைக்கு 5 மில்லிமீட்டர் இடைவெளி விட்டால், ஒவ்வொரு பலகையும் 145 மில்லிமீட்டரைக் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. கூரைத் தகட்டில் மறுபடி தரைப் பலகையின் கதைதான்: ஒன்றின் மேல் ஒன்று ஏறி உட்காருவதால் அதன் அகலம் குறைகிறது. அப்புறம், கூரைக்குத் தரைப் பரப்பைப் போட்டுவிடக் கூடாது. 30 பாகை சரிவென்றால் பரப்பு 15 சதவீதத்துக்குச் சற்று மேல் கூடும்.

இந்தக் கணக்கில் எனக்கு மிகவும் பிடித்த இடம் கான்கிரீட் தளத்தின் கம்பி. கம்பி தளத்தை மூடுவதில்லை. 8 மில்லிமீட்டர்க் கம்பிக்கு அகலம் என்று எதைச் சொல்வது? விடை, கம்பிக்கும் கம்பிக்கும் உள்ள இடைவெளி. 150 மில்லிமீட்டர் இடைவெளியில் கட்டினால் ஒவ்வொரு கம்பியும் இந்தப் பக்கம் 75, அந்தப் பக்கம் 75 மில்லிமீட்டர் தளத்துக்குப் பொறுப்பாகிறது. அந்த 150தான் அதன் அகலம். 1ஐ 0.15ஆல் வகுத்தால், ஒரு சதுர மீட்டருக்கு ஒரு திசையில் 6.67 மீட்டர், இரண்டு திசைக்கும் 13.33. தளம் 20 சதுர மீட்டர் என்றால் சுமார் 267 மீட்டர் கம்பி.

கம்பி எடைக்கணக்கில் வருவதால் இன்னும் ஒரு படி. விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதன் வர்க்கத்தை 162ஆல் வகுத்தால் ஒரு மீட்டரின் எடை கிலோவில் கிடைக்கும். கட்டுமான வேலையில் இருப்பவர்கள் மனதிலேயே போடும் கணக்கு இது. இரும்பு ஒரு கன மீட்டருக்கு 7,850 கிலோ. அதோடு வட்டத்தின் பரப்பைப் பெருக்கிச் சுருக்கினால் அந்த 162 தானாக வந்து நிற்கும். 8 மில்லிமீட்டருக்கு 0.395 கிலோ. ஆக 267 மீட்டருக்குக் கிட்டத்தட்ட 105 கிலோ. ஒரு கம்பியின் நுனி இன்னொன்றின் மேல் ஏறும் ஒட்டுக்கும், வளைவுக்கும் தனியே சேர்க்க வேண்டும். ஓரக் கம்பியையும் மறக்கக் கூடாது: 3 மீட்டரில் 150 மில்லிமீட்டர் இடைவெளி 20 வரும், கம்பி 21 வேண்டும்.

வகுத்தால் வரும் நீளம், பொருளை எங்கே வேண்டுமானாலும் ஒட்டுப்போடலாம் என்று நினைத்துக்கொண்டு சொல்லும் நீளம். சுவர்க் காகிதத்தில் அது நடக்காது. ஐரோப்பிய அளவுச் சுருள் 53 சென்டிமீட்டர் அகலம், 10.05 மீட்டர் நீளம், பரப்பு 5.3 சதுர மீட்டர். சுற்றளவு 14 மீட்டர், உயரம் இரண்டரை மீட்டர் உள்ள அறையின் சுவர்ப் பரப்பு 35 சதுர மீட்டர். வகுத்தால் 6.6, அதாவது 7 சுருள். இப்போது பட்டையாக எண்ணுங்கள். 14 மீட்டரைச் சுற்றி வர 27 பட்டை வேண்டும். மேலும் கீழும் நறுக்க இடம் விட்டு ஒரு பட்டைக்கு 2.6 மீட்டர். ஒரு சுருளில் முழுதாக மூன்று பட்டைதான் வரும், மீதி இரண்டேகால் மீட்டர் ஒரு சுவருக்கும் எட்டாது. தேவை 9 சுருள்.

பலகையிலும் அப்படியே. 5 அங்குலம் மூடும் பலகையை அறையின் 12 அடி வாக்கில் போட்டால் 24 வரிசை. பலகை 12 அடி நீளத்தில் கிடைத்தால் 24 பலகை, ஒரு துண்டும் மிஞ்சாது. அதையே குறுக்கே, 10 அடி வாக்கில் போடுங்கள். 28.8 வரிசை, அதாவது 29. ஒவ்வொன்றிலும் 2 அடி வெட்டி எறிய வேண்டும். பரப்பு மாறவில்லை, 5 பலகை கூடிவிட்டது. அதனால் நான் பரப்பை வகுத்து வரும் எண்ணைத் தோராயத்துக்கு மட்டும் வைத்துக்கொண்டு, வாங்குவதற்கு முன் வரிசைகளை எண்ணிவிடுவேன்.

சுவரின் அடியில், தரையை ஒட்டி ஓடும் ஸ்கர்ட்டிங் பட்டைக்கு எந்த அகலமும் கைகொடுக்காது. அது அறையின் விளிம்பைப் பின்பற்றுகிறது, உள்ளே உள்ள பரப்பை அல்ல. 144 சதுர அடி அறை 12க்கு 12 என்றால் சுற்றளவு 48 அடி. 24க்கு 6 என்றால் 60. 36க்கு 4 என்று நீண்ட நடையாக இருந்தால் 80. செவ்வக அறைகளில் சதுரத்துக்குத்தான் சுற்றளவு மிகக் குறைவு. ஆகவே 144 என்ற எண்ணிலிருந்து '48 அடிக்குக் குறையாது' என்று மட்டும் சொல்லலாம், அதுவும் கதவுகளைக் கழிக்கும் முன். அளந்து வரும்போது காகிதத்தில் '144 சதுர அடி' என்று மட்டும் குறித்துக்கொண்டால் ஸ்கர்ட்டிங்குக்காகத் திரும்பவும் டேப்போடு போக வேண்டியதுதான். '24 × 6, கதவு 3 அடி' என்று எழுதியிருந்தால் 57 அடி என்று இருந்த இடத்திலேயே சொல்லிவிடலாம்.