குழந்தைகள் பல் டாக்டருக்கு எந்த விதி எங்கிருந்து வருகிறது? பெங்களூர் தமிழ் டாக்டர்களுக்கு ஒரு விளக்கம்

பெங்களூரில் குழந்தைகளுக்குப் பல் பார்க்கும் தமிழ் டாக்டர்கள் பலர் சென்னையிலோ மதுரையிலோ படித்து, தமிழ்நாடு பல் மருத்துவக் கவுன்சிலில் பதிவு செய்துவிட்டு இங்கே வந்தவர்கள். வந்து வருஷக்கணக்காகியும் பதிவை மாற்றாமல் இருப்பவர்கள் உண்டு. முதலில் அதைச் சரிசெய்யுங்கள். 1948-ஆம் ஆண்டு பல் மருத்துவர் சட்டத்தின் 46ஏ பிரிவு இதற்காகவே வந்தது (அந்தச் சட்டத்தின் இடத்துக்கு வரும் புதுச் சட்டத்தைப் பற்றிக் கீழே சொல்கிறேன்). எந்த மாநிலத்தில் தொழில் செய்கிறீர்களோ அந்த மாநிலப் பதிவேட்டுக்குப் பெயரை மாற்றச் சொல்லி விண்ணப்பிக்கலாம். மாற்றாவிட்டால் வருகிற தொல்லைகளில் பலரும் யோசிக்காத ஒன்று, கவுன்சிலின் கடிதமும் சுற்றறிக்கையும் உங்கள் அல்சூர் கிளினிக்குக்கு வராது என்பது. அவை திருச்சியில் அம்மா வீட்டு டி.வி. ஸ்டாண்டுக்குக் கீழே பிரிக்காமல் கிடக்கும்.

அப்புறம் சி.டி.இ. புள்ளிகள், அதாவது படிப்பு முடிந்த பிறகும் தொடர்ந்து கற்பதற்குத் தரும் புள்ளிகள். கவுன்சில் அங்கீகரித்த கருத்தரங்கு, பயிலரங்கு, மாநாடு ஆகியவற்றில் கலந்துகொண்டால் புள்ளி கிடைக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். எத்தனை புள்ளி, எந்தக் காலத்துக்குள் என்பதைக் கர்நாடகக் கவுன்சிலின் நடப்புச் சுற்றறிக்கையைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். கல்லூரி வாட்ஸ்அப் குழுவில் சீனியர் சொன்னதை நம்பி இருக்க வேண்டாம். சான்றிதழ் கைக்கு வந்ததும் உங்கள் பதிவு எண் சரியாக இருக்கிறதா, புள்ளி அச்சாகியிருக்கிறதா, அங்கீகரித்த கவுன்சிலின் பெயர் இருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள். ‘இலவச வெபினார், இ-சான்றிதழ் உண்டு’ என்று வருகிறவற்றில் பல, சான்றிதழ் மட்டும் தரும், புள்ளி தராது.

புள்ளி என்பது நீங்கள் வந்து உட்கார்ந்ததற்கு அத்தாட்சி, அவ்வளவுதான். இம்பிளான்ட், அலைனர் என்று நடக்கும் நிகழ்ச்சிகளுக்கே போய்க் கணக்கைச் சேர்த்துவிட முடியும். ஆனால் நான்கு வயதுக் குழந்தை வாயைத் திறக்க மாட்டேன் என்று அழும்போது அதில் ஒன்றும் கைகொடுக்காது.

பல் மருத்துவத் துறையின் மேல்மட்ட நிர்வாகத்திலும் மாற்றம் வந்திருக்கிறது. 2023 ஆகஸ்டில் தேசிய பல் மருத்துவ ஆணையச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தையும், அதன்கீழ் வந்த இந்திய பல் மருத்துவக் கவுன்சிலையும் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஓர் ஆணையத்தை வைக்கும் சட்டம் இது. ஆணையத்தின் கீழ் கல்விக்கு ஒரு வாரியம், கல்லூரிகளை மதிப்பிட ஒன்று, நெறிமுறைக்கும் பதிவுக்கும் ஒன்று. நமக்கு முக்கியம் மூன்றாவது வாரியம். தேசியப் பதிவேடு அதன் கையில் இருக்கும். தமிழ்நாடா கர்நாடகமா என்று இரண்டு பக்கமும் கால் வைத்திருப்பவர்கள் பெயர், முகவரி, எம்.டி.எஸ். விவரம் எல்லாவற்றையும் இப்போதே ஒழுங்குபடுத்திக்கொள்வது நல்லது.

சரி, இதெல்லாம் பல் மருத்துவத் துறைக்குள் நடப்பவை. நம் கிளினிக்கைத் தொடும் மாற்றங்களில் நிறைய, கவுன்சில் பக்கமிருந்து வருவதே இல்லை. உள்துறை, சுற்றுச்சூழல் துறை, மருந்துக் கட்டுப்பாடு, அணுசக்தி வாரியம் என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு வாசலிலிருந்து வருகிறது. ஒருவர் சொல்வது இன்னொருவருக்குத் தெரியாது, நமக்கு யாரும் போன் பண்ணிச் சொல்வதும் இல்லை.

உங்கள் சம்மதப் படிவத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பல கிளினிக்குகளில் அதன் அடியில் இன்னும் ‘இ.பி.கோ. 89’ என்று இருக்கும். 2024 ஜூலை 1 முதல் பழைய தண்டனைச் சட்டமான இ.பி.கோ. போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது; அந்தப் பழைய 89 இப்போது 27-ஆம் பிரிவு. 12 வயதுக்கு உட்பட்ட குழந்தையின் நன்மைக்காக, நல்லெண்ணத்தோடு, பாதுகாவலர் அல்லது குழந்தையைச் சட்டப்படி பொறுப்பில் வைத்திருப்பவரின் சம்மதத்தோடு செய்கிற காரியத்துக்கு அது பாதுகாப்பு தருகிறது. பெங்களூரில் இந்தப் ‘பொறுப்பில் வைத்திருப்பவர்’ என்பது தினப்படிச் சிக்கல். அப்பா அம்மா இரண்டு பேரும் ஒயிட்ஃபீல்டில் ஆபீஸில் இருப்பார்கள், கூட்டி வருவது பாட்டி, சில நாள் வீட்டு வேலைக்கு வரும் அக்கா. ஃபுளோரைடு பூசப் பாட்டியின் கையெழுத்து போதும் என்று நீங்கள் முடிவு செய்யலாம். மயக்கம் கொடுப்பது, பல் எடுப்பது என்றால் அப்பா அல்லது அம்மா நேரில் வந்து கையெழுத்துப் போடாமல் தொடாதீர்கள்.

அதே சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவைப் பற்றி நம் ஆட்கள் போதுமான அளவு பேசவில்லை. கவனக்குறைவால் மரணம் நேர்ந்தால் ஐந்து வருஷம் வரை சிறை. சிகிச்சையின்போது பதிவு பெற்ற மருத்துவரால் நேர்ந்தால் இரண்டு வருஷம் வரை. நல்லது, நாமும் டாக்டர்தானே என்று நினைக்கத் தோன்றும். ஆனால் அந்தப் பிரிவின் விளக்கம், பதிவு பெற்ற மருத்துவர் என்றால் தேசிய மருத்துவ ஆணையச் சட்டப்படி தகுதியும் பதிவும் உள்ளவர் என்கிறது. பல் டாக்டரின் பதிவு வேறு சட்டத்தின் கீழ் இருக்கிறது. குழந்தைக்கு மயக்க மருந்து கொடுத்து வேலை செய்கிற யாரும் இந்த வரியை ஒரு வக்கீலோடு உட்கார்ந்து படிக்க வேண்டும் என்பது என் கருத்து. மயக்கத்துக்கான அமெரிக்க வழிகாட்டுதலும் 2019-இல் இறுகியது. ஆழ்ந்த மயக்கம் என்றால் வேலை செய்யும் டாக்டரைத் தவிர, குழந்தையை மட்டும் கவனிக்கத் தகுதியுள்ள இன்னொருவர் அறையில் இருக்க வேண்டும். இது நம் நாட்டுச் சட்டம் இல்லை. ஆனால் நாளை கோர்ட்டில் ‘சரியான நடைமுறை எது’ என்று கேள்வி வந்தால் எடுத்துக் காட்டப்படுவது இந்த மாதிரி ஆவணங்கள்தான்.

குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் 2012-இல் வந்தது. இன்னும் பலர் அது பள்ளிக்கூடத்துக்கான சட்டம் என்றே நினைக்கிறார்கள். அதன் 19-ஆம் பிரிவு யாரையும் விடுவதில்லை. பாலியல் குற்றம் நடந்திருக்கிறது என்று தெரிந்தாலோ, நடக்கக்கூடும் என்று அச்சம் இருந்தாலோ போலீஸுக்குச் சொல்லியே ஆக வேண்டும். சொல்லாவிட்டால் 21-ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறை அல்லது அபராதம் உண்டு. அண்ணத்தில் காரணம் விளங்காத சிராய்ப்பு, உள்ளுதட்டில் கிழிசல், கேட்டால் ஆளுக்கொரு கதை: இதை முதலில் பார்ப்பது பல நேரம் நாம்தான். பார்த்ததை அன்றைக்கே குறித்து வையுங்கள். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை ரிசப்ஷனில் இருப்பவருக்கும் சொல்லி வையுங்கள்.

குழந்தையின் சிரிப்பை ‘முன்பு, பின்பு’ என்று இன்ஸ்டாகிராமில் போடுபவர்கள் 2023-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைப் பார்க்க வேண்டும். அதில் குழந்தை என்றால் 18 வயதுக்கு உட்பட்டவர்; அவர் தரவைப் பயன்படுத்தப் பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்கிறது அது. 2025 நவம்பரில் விதிகளும் அறிவிக்கப்பட்டுவிட்டன. சிகிச்சைக்குத் தேவையான அளவுக்கு மருத்துவர்களுக்கு விலக்கு உண்டு. விளம்பரம் சிகிச்சை ஆகாது.

இனி வெள்ளி அடைப்பு, அதாவது பாதரசம் கலந்த அமால்கம். பாதரசப் பயன்பாட்டைக் குறைப்பதற்கான உலக உடன்பாடான மினமாட்டா உடன்பாட்டை இந்தியா 2018-இல் ஏற்றது. 2022-இல் அந்த உடன்பாட்டில் ஒரு திருத்தம் வந்தது. பால்பல்லிலும், 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்கும், கர்ப்பிணிகளுக்கும், பாலூட்டும் தாய்மார்களுக்கும் அமால்கம் வைக்கக் கூடாது. நோயாளியின் தேவையைப் பார்த்து டாக்டர் அவசியம் என்று கருதினால் மட்டும் வைக்கலாம் என்று அது சொல்கிறது. 2025 நவம்பரில் ஜெனீவாவில் கூடியபோது, 2034-க்குள் அமால்கத்தையே நிறுத்துவது என்று முடிவெடுத்தார்கள். உலக உடன்பாட்டில் எழுதியது மறுநாள் காலையில் நம் ஊரில் சட்டமாகிவிடாது. ஆனாலும் குழந்தைகள் கிளினிக்கில் அமால்கம் கேப்ஸ்யூல் வாங்கி அடுக்குவதில் இனி அர்த்தம் இல்லை. பாதரசம் இல்லாத கண்ணாடி அயனோமர் சிமென்ட் கைவசம் இருக்கிறது, விலையும் கட்டுப்படியாகிறது.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். வலி மருந்தான நிமெசுலைடு 12 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு 2011 முதலே தடை. பல்லை எடுத்துவிட்டுப் பழக்க தோஷத்தில் அதை எழுதிவிடாதீர்கள். எடுத்த பல் 2016-ஆம் ஆண்டு மருத்துவக் கழிவு விதிப்படி மஞ்சள் பையில் போக வேண்டும். ‘பல்லைக் கொடுங்க டாக்டர், கூரை மேலே போடணும்’ என்று பாட்டி கேட்பது தனிக் கதை. கிளினிக் பதிவுக்குக் கர்நாடகத்தில் தனியார் மருத்துவ நிறுவனங்களுக்கான கே.பி.எம்.இ. சட்டம் இருக்கிறது, தமிழ்நாட்டுச் சட்டம் இங்கே செல்லாது. பள்ளிப் பரிசோதனையில் சொத்தைப் பல் இருப்பதாகச் சீட்டோடு வரும் குழந்தை, 2013-இல் தொடங்கிய மத்திய அரசின் குழந்தைகள் நலத் திட்டமான ராஷ்டிரிய பால் ஸ்வாஸ்த்ய கார்யக்ரமில் வருகிறது. அரசுப் பள்ளிக் குழந்தைகளுக்கு அதில் மேல்சிகிச்சை இலவசம் என்பதைப் பெற்றோரிடம் எடுத்துச் சொல்லுங்கள். நம் வருமானத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

எக்ஸ்ரே விஷயம் கொஞ்சம் நுணுக்கமானது. 2024 பிப்ரவரியில் அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம், எக்ஸ்ரே எடுக்கும்போது ஈய ஏப்ரனும் தைராய்டு காலரும் இனி வழக்கமாகத் தேவையில்லை என்றது. கதிரை ஒடுக்கிச் செலுத்தும் இன்றைய கருவிகள்தான் அதற்குக் காரணம். அதைப் படித்துவிட்டு இங்கே ஏப்ரனைக் கழற்றிப் போட்டுவிட முடியாது. உங்கள் மிஷினுக்கு ஈலோரா என்ற ஆன்லைன் தளத்தில் பதிவு தருவது மும்பையில் உள்ள அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம். அது வைத்திருக்கும் நிபந்தனைதான் உங்களுக்குச் செல்லும். ஆக எதைப் படித்தாலும் முதல் கேள்வி இதுவாக இருக்கட்டும்: இது நம் சட்டமா, உலக உடன்பாடா, வெளிநாட்டுச் சங்கத்தின் அறிவுரையா?

நடைமுறை மாற்றங்களில் இரண்டைச் சொல்ல வேண்டும். சில்வர் டையமின் ஃபுளோரைடு 2021-இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் ஏறியது. ஊசி வேண்டாம், குடைய வேண்டாம். சொத்தையில் ஒரு சொட்டுத் தடவினால் அது மேலும் பரவாமல் நிற்கும். ஆனால் சொத்தை இருந்த இடம் கரிக்கட்டை போலக் கறுத்துவிடும். கறுத்த பல்லின் படத்தை முதலிலேயே காட்டி, ‘இப்படித்தான் ஆகும்’ என்று சொல்லிக் கையெழுத்து வாங்கினால் பிறகு சண்டை வராது.

இன்னொன்று ஃபுளோரைடு பேஸ்ட். முதல் பல் முளைத்ததுமே ஃபுளோரைடு பேஸ்டைத் தொடங்கலாம், மூன்று வயது வரை அரிசி அளவு, அதற்கு மேல் ஆறு வயது வரை பட்டாணி அளவு என்பது இப்போதைய பரிந்துரை. நாம் படித்த காலத்துப் பாடம் வேறு. ஆனால் பெங்களூரில் இதைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியாது. இங்குள்ள தமிழ்க் குடும்பங்கள் பல தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்தவை. அங்கே நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். இந்தப் பக்கம் கோலார், சிக்கபள்ளாபூர், துமகூரு மாவட்டங்களிலும் அதே கதைதான். குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம், வேறு வழியில்லாவிட்டால் 1.5 வரை என்பது இந்தியத் தர அளவு. குழந்தை இப்போது காவிரித் தண்ணீர் குடிக்கிறதா என்று மட்டும் கேட்டால் போதாது. நிலைக்கும் முன்பற்களின் எனாமல் முதல் சில வருஷங்களில்தான் உருவாகிறது, அதிக ஃபுளோரைடு அதைக் கெடுப்பதும் அப்போதுதான். ஆகவே மூன்று வயது வரை குழந்தை எங்கே வளர்ந்தது, ஊரில் பாட்டி வீட்டிலா, அங்கே போர் தண்ணீரா, இப்போது அபார்ட்மென்டுக்கு டேங்கர் எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். கேஸ் ஷீட்டில் இதற்கென ஒரு வரி சேர்த்துக்கொள்வது நல்லது.

இதையெல்லாம் எப்படித் தொடர்ந்து கவனிப்பது? இந்திய குழந்தைகள் பல் மருத்துவச் சங்கத்தின் இதழை வாசிப்பது, அமெரிக்கச் சங்க வழிகாட்டுதல்களில் ‘கடைசியாகத் திருத்திய ஆண்டு’ என்ற வரியை மட்டுமாவது பார்ப்பது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு மத்தியானத்தை ஒதுக்கிக் கவுன்சில், ஈலோரா, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத் தளங்களை ஒரு சுற்றுப் பார்ப்பது. இரண்டு மூன்று டாக்டர்கள் சேர்ந்து பகிர்ந்துகொண்டால் இன்னும் சுலபம். ஒருவர் சட்டம், ஒருவர் மருந்து, ஒருவர் கருவிகள் என்று பார்க்கலாம். மாற்றம் ஏதாவது கண்ணில் பட்டால் அன்றைக்கே படிவத்தைத் திருத்தி, அடியில் திருத்திய மாதமும் வருஷமும் போட்டு, பழைய படிவக் கட்டை ரிசப்ஷன் மேஜையிலிருந்து எடுத்துவிடுங்கள். மேஜையில் இருந்தால் அவசரத்தில் அதில்தான் கையெழுத்து வாங்குவார்கள்.