“வெறும் ஃபாரம்தானே சார்!”

பழைய பெட்டியைத் திறந்ததும் எல்லாரும் முதலில் தேடுவது புகைப்படத்தையும் கடிதத்தையும்தான். அச்சடித்த படிவக் கட்டுகளை “வெறும் ஃபாரம்தானே சார்” என்று ஓரமாகத் தள்ளிவிடுவார்கள். ஆவணக் காப்பாளராக நான் அதிகம் மல்லுக்கட்டியது இந்த வெறும் ஃபாரங்களுக்காகத்தான். ஏன் என்று கேட்பவர்களிடம் வியன்னாவைச் சொல்வேன்.

வியன்னா பல்கலைக்கழகம் 1365-இல் தொடங்கியது. 1421-இல் அந்நகர யூதர்களைக் கொன்றும் துரத்தியும் தீர்த்தபின், இடித்த அவர்களது தொழுகைக்கூடமான சினகாகின் கற்களைக் கொண்டுபோய்ப் பல்கலைக்கழகக் கட்டடத்துக்குப் பயன்படுத்தினார்கள். உறவின் தொடக்கமே அப்படி. பல நூற்றாண்டுகள் கழித்து அதே பல்கலைக்கழகத்தில் யூத மாணவர்களும் ஆசிரியர்களும் திரளாக இருந்தார்கள். 1938 மார்ச்சில் ஹிட்லரின் ஜெர்மனி ஆஸ்திரியாவை விழுங்கியதும், 2,700-க்கும் மேற்பட்டோர் அங்கிருந்து வெளியேற்றப்பட்டார்கள். பெரும்பாலோர் யூதர்கள்.

அவர்களுக்கென்று இன்று ஒரு நினைவு நூல் இருக்கிறது, இணையத்திலும் பார்க்கலாம். ஒவ்வொரு பெயரையும் தேடி எடுக்க உதவிய காகிதங்களில் முக்கியமானது ‘நாட்சியோனாலெ’ என்னும் சேர்க்கைப் படிவம். மாணவர் ஒவ்வொரு பருவத்திலும் தம் கையாலேயே நிரப்பித் தர வேண்டியது. பெயர், பிறந்த ஊர், தாய்மொழி, மதம், அப்பா என்ன வேலை, எங்கே குடியிருக்கிறீர்கள். அதற்குக் கீழே அந்தப் பருவத்தில் கேட்கப்போகும் விரிவுரைகள், நடத்துபவர் பெயர், வாரத்துக்கு எத்தனை மணி நேரம். ஒரு பருவம் வரை வந்துகொண்டிருந்த கையெழுத்து அடுத்த கட்டில் இல்லையென்றால், அங்கிருந்து தேட ஆரம்பிக்கலாம்.

ஆனால் மதக் கட்டத்தை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவோம். நாஜிச் சட்டம் பார்த்தது தாத்தா பாட்டியின் மதத்தை. ‘கத்தோலிக்கர்’ என்று எழுதியவரும் துரத்தப்பட்டார். ஆகவே பல்கலைக்கழகக் காகிதத்தோடு யூத சமூகத்தின் காகிதத்தையும் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டியிருக்கிறது.

அந்தச் சமூகக் காகிதங்கள் பிழைத்த கதை தனி. வியன்னா யூத சமூக மன்றத்தின் ஆவணங்களில் ஒரு பெரும்பகுதி 1950-களில் எருசலேம் போய்விட்டது. மிச்சம் இருந்ததை ஏறக்குறைய மறந்தே போனார்கள். 2000-இல் மன்றத்துக்குச் சொந்தமான ஒரு கட்டடத்தின் காலிக் குடியிருப்பைத் திறந்தால் உள்ளே சுமார் 800 பெட்டிகள், மர அலமாரிகளில் அட்டைக் குறிப்புகள். கிட்டத்தட்ட 5 லட்சம் பக்கங்கள்! அழுக்கும் பூஞ்சையுமாய்க் கிடந்தவற்றைத் துடைத்து, வரிசைப்படுத்தி, மைக்ரோஃபிலிம் எடுத்தார்கள்.

அங்கேயும் ஃபாரம்தான். 1938-இல் நாட்டை விட்டுப் போக விரும்பியவர்கள் நிரப்பித் தந்த கேள்வித்தாள்கள். இதுவரை செய்த தொழில் என்ன? புதிதாக ஏதும் கற்றுக்கொண்டீர்களா? எந்த மொழிகள் தெரியும்? எந்த நாட்டுக்குப் போக நினைக்கிறீர்கள்? வெளிநாட்டில் உறவினர் உண்டா? இதில் உறவினர் கேள்விக்கான இடம் காலியாக இருந்தால், அந்தக் குடும்பத்துக்குக் கைகொடுக்க வெளியே ஆளில்லை என்று அர்த்தம். எந்த நினைவுக் குறிப்பையும்விட அந்த வெற்றிடம் எனக்குக் கனமாகத் தெரிகிறது.

இவையெல்லாம் பயன்பட்டதற்குக் காரணம், கட்டுகள் பெருமளவு கட்டாகவே கிடைத்ததுதான். எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். ஒரு பழைய கல்வி நிறுவனத்தில் என்னைக் கூப்பிடுவதற்குள், ஆர்வமுள்ள சிலர் ‘அழகான’ காகிதங்களைப் பிரித்தெடுத்து லேமினேட் செய்துவிட்டார்கள். மேலட்டைகளும் கட்டுக் கயிற்றில் தொங்கிய துண்டுச்சீட்டுகளும் பழைய பேப்பர்காரருக்குப் போயிருந்தன. எந்த வருடம், எந்த வகுப்பு என்பது அந்தச் சீட்டுகளில்தான் இருந்தது. மூன்று மாதம் உட்கார்ந்தும் பாதிக்கு மேல் பொருத்த முடியவில்லை.

அதனால் உங்கள் பள்ளியிலோ கோவில் அலுவலகத்திலோ சங்கத்திலோ பூட்டிக் கிடக்கும் அறையைத் திறந்தால், எதையும் தொடும் முன் இருக்கிற நிலையிலேயே செல்போனில் படம் எடுங்கள். பெட்டிக்குப் பென்சிலால் எண் போடுங்கள், பேனா வேண்டாம். செல்லோடேப் வேண்டவே வேண்டாம், லேமினேஷனும்தான். பூஞ்சை தெரிந்தால் முகக்கவசம் போட்டுக்கொண்டு, அந்தப் பெட்டியைத் தனியாகக் காற்றோட்டமான நிழலில் வையுங்கள், வெயிலில் காயப்போடாதீர்கள். கயிற்றை அவிழ்க்கும் வேலையை எங்களைப் போன்றவர்களுக்கு விட்டுவையுங்கள்.