லூட் டேபிளில் வெயிட் என்பது சதவீதம் அன்று

மைன்கிராஃப்ட் விளையாட்டின் ஜாவா பதிப்புக்கு மாட்பேக் (மாட் எனப்படும் கூடுதல் நிரல்களின் தொகுப்பு) உருவாக்குவோரின் லூட் டேபிள் கோப்புகளை, அதாவது பெட்டி போன்றவற்றில் எந்தப் பொருள் கிடைக்கும் என்பதை முடிவுசெய்யும் கோப்புகளை, சரிபார்ப்பது என் பணியின் ஒரு பகுதி. அவற்றில் நான் அதிகம் காணும் கோளாறு எழுத்துப்பிழையோ விடுபட்ட அடைப்புக்குறியோ அன்று. ஒவ்வொரு பொருளுக்கும் தரும் வெயிட் (எடை) மதிப்பைச் சதவீதமாகக் கருதிவிடுவதே.

ஒரு பொருளின் வெயிட்டை அது இருக்கும் பூலின் (ஒன்றாகக் குலுக்கலில் இடப்படும் பொருள்களின் தொகுதி) மொத்த வெயிட்டால் வகுத்தால் வருவதே அது கிடைக்கும் வாய்ப்பு. இரும்புக்கு 60, தங்கத்துக்கு 30, வைரத்துக்கு 10 என எழுதினால் மொத்தம் 100 ஆகிவிடுவதால், வைரத்தின் வாய்ப்பும் 10 சதவீதமாகவே அமைகிறது. தற்செயலான இந்தப் பொருத்தம்தான் பலரை ஏமாற்றுகிறது. பின்னொரு நாள் வேறொரு மாடின் பொருள்கள் இரண்டைத் தலா 50 வெயிட்டுடன் அதே பூலில் சேர்த்தால், வைரத்தின் வரியில் யாரும் கைவைக்காமலேயே அதன் வாய்ப்பு 5 சதவீதமாகச் சரிந்துவிடும். ரோல்ஸ், அதாவது பூலிலிருந்து எத்தனை முறை பொருள் எடுப்பது என்ற எண், 4 என்று இருந்தால், ஒரு பெட்டியில் ஒரு முறையேனும் வைரம் வரும் வாய்ப்பு ஏறத்தாழ 34 சதவீதத்திலிருந்து 19 சதவீதத்துக்கு இறங்கும். எனவே புதுப் பொருள்களுக்குத் தனிப் பூல் அமைப்பதையே நான் பரிந்துரைப்பேன்.

நிபந்தனையை எந்த இடத்தில் எழுதுகிறோம் என்பதும் விளைவை மாற்றும். பூலின் மீது எழுதிய ரேண்டம் சான்ஸ் (குறித்த வாய்ப்பில் மட்டும் நிறைவேறும்) நிபந்தனை ஒரே முறை சோதிக்கப்படும். அது தோற்றால் அந்தப் பூலிலிருந்து எதுவும் வராது. பொருளின் மீது எழுதினாலோ ஒவ்வொரு ரோலிலும் அது சோதிக்கப்படும். தோற்ற பொருள் கணக்கிலிருந்தே நீங்கிவிடுவதால் அந்த இடம் காலியாக இராமல் மற்றப் பொருள்களின் வாய்ப்பு கூடிவிடும். காலியாகவே விட வேண்டுமென்றால் எதையும் தராத எம்ப்டி வகைப் பதிவு ஒன்றைத் தக்க வெயிட்டுடன் சேர்க்க வேண்டும்.

ஆட்டத்தின் மூல டேபிளின் பெயரிலேயே ஒரு டேபிளை டேட்டா பேக்கில் (ஆட்டத்தின் தரவுகளை மாற்றும் கோப்புத் தொகுப்பு) வைத்தால் மூல டேபிள் முழுவதுமாக மாற்றப்படும், புதியது அதனுடன் இணைக்கப்படாது. இரண்டு பேக்குகள் ஒரே டேபிளைத் தொட்டால் முன்னுரிமையில் மேலிருப்பது மட்டுமே செல்லுபடியாகும். மாட்களை இயக்கும் கருவிகளான ஃபோர்ஜில் குளோபல் லூட் மாடிஃபையரையும் ஃபேப்ரிக்கில் லூட் டேபிள் ஈவென்ட்டையும் பயன்படுத்தி, மூல டேபிளை நீக்காமல் அதில் மாற்றம் செய்தால் இந்த மோதலைத் தவிர்க்கலாம்.

சோதிக்கும்போது, கோப்புகளை மீண்டும் ஏற்றும் ரீலோடு கட்டளையை இட்டுவிட்டு, ஏற்கெனவே திறந்த பெட்டியையே மீண்டும் பார்ப்பதில் பயனில்லை. முதல் முறை திறக்கும்போதே அதன் பொருள்கள் முடிவாகிவிடும். லூட் கட்டளையால் டேபிளை நூற்றுக்கணக்கான முறை இயக்கி எண்ணிப் பார்ப்பதே நம்பத்தக்க வழி. 1.21 பதிப்புக்கு மாறியபின் எதுவுமே வரவில்லையென்றால், வெயிட்டை ஆராய்வதற்கு முன் கோப்புறையின் பெயரைப் பாருங்கள். பன்மையில் இருந்த லூட் டேபிள்ஸ் என்ற பெயர் அந்தப் பதிப்பில் ஒருமையாக்கப்பட்டது.