வாஷிங் மெஷின் அட்டை பத்திரமாக இருக்கிறது, இம்ப்ளாண்ட் அட்டை எங்கே?

இரண்டு மாதம் முன்பு ஓர் அம்மா என் ஓ.பி.க்கு வந்தார். ஐம்பதை ஒட்டிய வயது. 2012இல் புற்றுநோய்க்காக இடது மார்பகத்தை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் சிலிக்கான் இம்ப்ளாண்ட், அதாவது ஜெல் நிரப்பிய செயற்கைப் பை, வைத்திருக்கிறார்கள். இப்போது அந்தப் பக்கம் கல்லாக இறுகி, காறை எலும்பை நோக்கி மேலே ஏறியிருந்தது. "எந்தக் கம்பெனி, என்ன அளவு, எந்த வகைன்னு தெரியுங்களா?" என்று கேட்டேன். கையிலிருந்த பிளாஸ்டிக் கவரை மேசையில் கவிழ்த்தார். கீமோ சீட்டுகள், பழைய ஸ்கேன் படங்கள், ரத்தப் பரிசோதனைத் தாள்கள். நடுவில் 2009இல் வாங்கிய வாஷிங் மெஷினின் வாரண்டி அட்டை, கடை முத்திரையோடு, மடிப்புக்கூடக் கலையாமல். இம்ப்ளாண்ட் பற்றி ஒரு துண்டுச் சீட்டு இல்லை. அறுவை சிகிச்சை செய்த மருத்துவமனையை மூடியே நான்கு வருடம் ஆகிறது.

அவருக்குப் பிறகு அதே கதையோடு இன்னும் இருவர் வந்துவிட்டார்கள். மூன்று பேரும் சொன்ன ஒரே வாக்கியம்: "லைஃப்டைம் வாரண்டின்னு சொன்னாங்களே டாக்டர்."

இந்த "லைஃப்டைம்" என்ற சொல் செய்திருக்கும் கெடுதலைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது. நிறுவனம் தரும் வாரண்டி என்பது, இம்ப்ளாண்ட் கிழிந்தால் அதற்குப் பதிலாக இன்னொன்று தருகிறோம் என்ற வணிக உறுதி. அவ்வளவுதான். பொருள் உங்கள் ஆயுள் முழுக்கக் கிழியாது என்று அதில் யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. ஆபரேஷன் தியேட்டர் செலவு, மயக்க மருந்து, மருத்துவமனை வாசம் எல்லாம் பெரும்பாலும் உங்கள் கையிலிருந்துதான். சில திட்டங்களில் முதல் சில ஆண்டுகளுக்குள் ஒரு தொகை தருவார்கள், நிபந்தனைகளோடு. அதைக் கேட்கவும் அந்த இம்ப்ளாண்டின் எண் வேண்டும். உலகின் முதல் சிலிக்கான் மார்பக இம்ப்ளாண்ட் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் 1962இல் வைக்கப்பட்டது. அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகியும், சாகும்வரை தாங்கும் என்று எந்த நிறுவனமும் சொல்லக்கூடிய இம்ப்ளாண்ட் வரவில்லை. அமெரிக்காவின் மருந்து, மருத்துவச் சாதனக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. இதை வெளிப்படையாகவே சொல்கிறது: இவை வாழ்நாள் சாதனங்கள் அல்ல. காலம் போகப் போகச் சிக்கல் வரும் வாய்ப்பு கூடிக்கொண்டே போகும்.

உடனே மறுபக்கம் ஓடிவிடாதீர்கள். "பத்து வருஷம் முடிஞ்சா எடுத்தே ஆகணுமாமே" என்று நன்றாக இருக்கும் இம்ப்ளாண்டை மாற்றச் சொல்லி வருகிறவர்களும் உண்டு. பால் பாக்கெட் போல அதற்கு ஒரு கடைசித் தேதி கிடையாது. பிரச்சினை இல்லையென்றால் பத்து வருடம் ஆனது மட்டும் ஒரு காரணமே இல்லை. ஆனால் பிரச்சினை இல்லை என்பதை ஸ்கேன்தான் சொல்ல வேண்டும். உங்கள் வலி சொல்லாது.

அந்த அம்மா அதையும்தான் சொன்னார்: "வலியே இல்லீங்களே டாக்டர்." மார்பகத்தை முழுதாக எடுத்தவர்களுக்கு அந்தத் தோலில் உணர்ச்சி வெகுவாகக் குறைந்திருக்கும். அங்கே வலிக்கும் என்று காத்திருப்பதில் அர்த்தமில்லை. உப்புநீர் நிரப்பிய இம்ப்ளாண்ட் கிழிந்தால் ஓரிரு நாளில் வற்றிச் சுருங்கிக் காட்டிக்கொடுத்துவிடும். சிலிக்கான் கிழிந்தால் ஜெல் பெரும்பாலும் சுற்றிலும் உடம்பு கட்டும் உறைக்குள்ளேயே தங்கும், வெளியே ஒன்றும் தெரியாது. அதனால்தான் சிலிக்கான் வைத்தவர்கள் ஐந்து முதல் ஆறு ஆண்டுக்குள் முதல் எம்.ஆர்.ஐ. அல்லது அல்ட்ராசவுண்ட் எடுக்க வேண்டும், பிறகு இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை எடுக்க வேண்டும் என்கிறார்கள். பன்னிரண்டு ஆண்டு ஒரு ஸ்கேன்கூட எடுக்காமல் வருகிறவரிடம் நான் கோபப்படாமல் இருக்க முயல்கிறேன். முடியவில்லை.

அந்த அம்மாவுக்குத் தியேட்டரில் திறந்தபோது, இம்ப்ளாண்டைச் சுற்றி உடம்பு கட்டியிருந்த உறை சில இடங்களில் சுண்ணாம்பு படிந்து முட்டை ஓடு போல நொறுங்கியது. அந்த உறை எல்லோருக்கும் உருவாகும். இறுகினால்தான் தொல்லை. கதிர்வீச்சு எடுத்த மார்பில் இறுகும் வாய்ப்பு அதிகம், இவரும் எடுத்தவர். உள்ளே இம்ப்ளாண்ட் கிழிந்து கிடந்தது. ஜெல் கையுறையில் நூல் நூலாக இழுத்தது, முற்றிய பாகு போல. கழுவித் துடைத்து, பின்பக்க வட்டத்தில் பொறித்திருந்த எழுத்தை லைட்டுக்குக் கீழே பிடித்து நானும் என் உதவி மருத்துவரும் மாறி மாறிப் படித்தோம். 275 என்ற அளவு மட்டும் தெளிவாக இருந்தது. இம்ப்ளாண்ட் பெட்டியில் வரும் விவர ஸ்டிக்கர் ஒன்று இருந்திருந்தால் எதை எதிர்பார்ப்பது என்று முன்பே தெரிந்திருக்கும். மேற்பரப்பு வழவழப்பா சொரசொரப்பா என்பதும் தெரிந்திருக்கும்.

மேற்பரப்பைப் பற்றி ஏன் இவ்வளவு கேட்கிறோம் என்றால், சொரசொரப்பான இம்ப்ளாண்டுகளைச் சுற்றிய உறையில் அரிதாக ஒரு வகை லிம்போமா, அதாவது நிணநீர் மண்டலப் புற்றுநோய், வருகிறது. மார்பகப் புற்றுநோய் வேறு, இது வேறு. அதனால்தான் அலர்கான் நிறுவனம் தன் பயோசெல் வகை இம்ப்ளாண்டுகளை 2019 ஜூலையில் உலகம் முழுக்கத் திரும்பப் பெற்றது. உங்களிடம் அது இருந்து எந்தத் தொந்தரவும் இல்லையென்றால் எடுக்க வேண்டியதில்லை என்பதுதான் இன்றைய அறிவுரை. ஆனால் அறுவைக்குப் பல ஆண்டு கழித்து ஒரு பக்கம் திடீரென வீங்கினால், "அடிபட்டிருக்கும்" என்று தைலம் தேய்க்காதீர்கள். அந்த நீரை ஊசியில் எடுத்துச் சோதிக்க வேண்டும். ஆரம்பத்திலேயே கண்டால் இம்ப்ளாண்டையும் உறையையும் எடுத்தாலே பெரும்பாலோர் குணமாகிறார்கள்.

மாற்றும்போது எதைத் தேர்ந்தெடுப்பது? தோழியின் அளவையோ போனில் ஒரு போட்டோவையோ காட்டி "இதே மாதிரி" என்று கேட்காதீர்கள். முதலில் அளப்பது உங்கள் மார்பின் அகலத்தையும் தோலின் தடிமனையும். அகலத்தை மீறிய இம்ப்ளாண்ட் அக்குளில் இடிக்கும். மெல்லிய தோலுக்கு அடியில் ஓரம் மடிப்பு மடிப்பாகத் தெரியும், கனம் தோலை இன்னும் மெலிய வைக்கும். இம்ப்ளாண்டுகளின் கணக்கு கப் சைஸில் இல்லை, சி.சி.யில், அதாவது மில்லியில். அளவு பற்றிக் குழப்பம் இருந்தால் வீட்டில் அரிசியை அளந்து சிறு பையில் கட்டி, தளர்வான பிராவுக்குள் வைத்து ஒரு நாள் வீட்டு வேலை செய்து பாருங்கள். நான் சொல்லி முடிப்பதைவிட அது தெளிவாகச் சொல்லும். இப்போதைய கெட்டி ஜெல் வகையை வெட்டினாலும் அல்வாத் துண்டு போல நிற்கும், வழியாது. அதற்காக அது கிழியவே கிழியாது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். எடுத்துவிட்டு எதுவுமே வைக்காமல் விடுவதும், வயிற்றுத் தசையோ முதுகுத் தசையோ கொண்டு மார்பகம் அமைப்பதும் உங்கள் உரிமையான தேர்வுகள். அவற்றைப் பேசாமல் ஒரு மருத்துவர் நேரடியாக அளவுக்குத் தாவினால் நிறுத்திக் கேளுங்கள்.

மாற்று அறுவை முதல் அறுவை போலவே இருக்கும் என்று நினைக்காதீர்கள். உறையைத் தொடாமல் இம்ப்ளாண்டை மட்டும் மாற்றினால் வலி முன்னதைவிடக் குறைவு, இரண்டு மூன்று நாளில் எழுந்து நடமாடிவிடலாம். உறையையும் சேர்த்து எடுத்தால் அது பெரிய வேலை. நீரை வடிக்கும் டிரெயின் குழாயோடு சில நாள் இருக்க வேண்டிவரும். முதல் வாரங்களில் மார்பகம் மேலே ஏறி, இறுகி, வீங்கித்தான் தெரியும். மூன்றாம் நாளே கண்ணாடி முன் நின்று அழுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். வடிவம் இறங்கி அமைய மூன்று முதல் ஆறு மாதம், தழும்பு மங்க ஒரு வருடமாவது ஆகும். இரண்டு பக்கமும் அச்சில் வார்த்தது போல வராது, இயற்கையிலும் அப்படி இல்லை.

ஆறு வாரம் தண்ணீர்க் குடம், மாவுப் பாத்திரம், கேஸ் சிலிண்டர் எதையும் தூக்கக் கூடாது. பேரப்பிள்ளையை உட்கார்ந்தபடி மடியில் வாங்கிக்கொள்ளுங்கள். மருத்துவமனையில் தந்த பிராவைத்தான் போடுங்கள், அடியில் கம்பி வைத்தது வேண்டாம். மல்லாந்து படுங்கள். புகை பிடிப்பவர் அறுவைக்குச் சில வாரம் முன்பே நிறுத்தியாக வேண்டும், காயம் ஆறாமல் போவதை நான் போதுமான அளவு பார்த்துவிட்டேன். காய்ச்சல், ஒரு பக்கம் மட்டும் திடீர் வீக்கம், சிவப்பு, தையலில் கசிவு என்றால் நள்ளிரவானாலும் போன் செய்யுங்கள். காலை வரை பார்க்கலாம் என்று இருக்க வேண்டாம். மேமோகிராம் எடுக்கப் போகும்போது இம்ப்ளாண்ட் இருப்பதை டெக்னீஷியனிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள், அவர்கள் அதைத் தள்ளிவைத்துத் தனிக் கோணத்தில் எடுப்பார்கள்.

இனி அந்த ஸ்டிக்கர். ஒவ்வொரு இம்ப்ளாண்ட் பெட்டிக்குள்ளும் உரித்து ஒட்டும் ஸ்டிக்கர்கள் இருக்கும். நிறுவனம், வகை, அளவு, லாட் எண், சீரியல் எண் எல்லாம் அதில் உண்டு. ஒன்று கேஸ் ஷீட்டில் ஒட்டுவோம், ஒன்று உங்களுடையது. கேட்டு வாங்கினால் மட்டுமே கைக்கு வரும் இடங்கள் இன்னும் இருக்கின்றன என்பது எங்கள் தொழிலுக்கு வெட்கம். 2010இல் பிரான்சின் பி.ஐ.பி. நிறுவனம் மருத்துவத் தரமற்ற, தொழிற்சாலை சிலிக்கானை நிரப்பி விற்றது வெளிவந்தபோது, தனக்குள் இருப்பது அதுதானா என்று தெரியாமல் தவித்த பெண்கள் உலகெங்கும் இருந்தார்கள். நம் நாட்டில் மருத்துவ கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு நெறிமுறைப்படி, உள்நோயாளி ஆவணங்களை மருத்துவர் மூன்று ஆண்டு வைத்திருந்தால் போதும். நாலாவது ஆண்டு போய் "ஃபைல் எங்கே" என்று சண்டை போட முடியாது. அந்தக் காலத்துக்குள் எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்தில் தந்தாக வேண்டும்.

அறுவை முடிந்து மூன்று ஆண்டு ஆகவில்லையென்றால் இந்த வாரமே போய்க் கேளுங்கள். கிடைத்ததும் போனில் படம் எடுத்து மகளுக்கோ தங்கைக்கோ அனுப்பிவையுங்கள். மருத்துவமனை மூடியிருந்தால் அறுவை செய்த மருத்துவர் இப்போது எங்கே பார்க்கிறார் என்று விசாரியுங்கள், சிலர் சொந்தக் குறிப்பேட்டில் எழுதி வைத்திருப்பார்கள். அங்கேயும் இல்லையென்றால் ஓர் அல்ட்ராசவுண்டு எடுத்துக்கொண்டு அருகிலிருக்கும் பிளாஸ்டிக் சர்ஜனிடம் போங்கள். காகிதம் இல்லையே, திட்டுவார்களே என்று பயந்து இன்னும் நாலு வருடம் தள்ளிப்போடாதீர்கள் அம்மா. வெறுங்கையோடு வந்தாலும் பார்ப்போம்.