வேலை குறைந்தால் மாற்றுத்திறனாளி கொடுப்பனவுக்கு ஆட்கள் கூடுவது ஏன்?

மாற்றுத்திறனாளி கொடுப்பனவுக்கு விண்ணப்பிப்பவர்கள் கூடிவிட்டால் உடனே ஒரு பேச்சு கிளம்பும்: “நேற்றுவரைக்கும் வேலைக்குப் போனவன்தானே, இன்றைக்கு மட்டும் எப்படி ஏலாமல் போனது?” நியாயமான கேள்விபோலத்தான் தெரியும். ஆனால் கேட்பவர் ஆளின் உடம்பை மட்டும் பார்க்கிறார், ஊரில் கிடைக்கும் வேலையைப் பார்ப்பதில்லை.

திருகோணமலையில் உப்புவெளிப் பக்கம் கரைவலை இழுக்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். முழங்கால் தேய்ந்தவர். வலை வளைக்கிற காலத்தில் சம்மாட்டி, அதாவது வலைக்காரர், அவரைக் கயிறு சுருட்ட விடுவார், மீன் தரம்பிரிக்க விடுவார். பங்கு குறைவுதான், என்றாலும் வீட்டுக்கு ஏதோ போகும். மாரி தொடங்கிக் கடல் கொந்தளித்தால் மற்றவர்கள் மேசன் வேலைக்கும் மூட்டை தூக்கவும் போவார்கள். இவரை அங்கே யாரும் எடுக்கமாட்டார்கள். இரண்டு காலத்திலும் முழங்கால் ஒன்றுதான், மாறியது வேலை. 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புக்குப் பிறகு நிலாவெளி சுற்றுலா விடுதிகள் காலியானபோதும், 2022 பொருளாதார நெருக்கடியிலும், உட்கார்ந்து செய்கிற இந்த மாதிரிச் சின்ன வேலைகள்தான் முதலில் போயின.

இது நம்முடைய ஊரில் மட்டும் நடப்பதில்லை. அமெரிக்காவில் ஊனமுற்ற தொழிலாளர்களுக்கான காப்புறுதிக்கு 2007 இல் ஏறக்குறைய 22 லட்சம் பேர் விண்ணப்பித்தார்கள். 2009 ஒக்டோபரில் வேலையின்மை 10 சதவீதத்தைத் தொட்டது. 2010 இல் விண்ணப்பங்கள் 29 லட்சத்தைத் தாண்டின. மக்கள்தொகையில் முதியவர்கள் கூடியதும் அதற்கு ஒரு காரணம். அங்கே விண்ணப்பித்தவர்களில் பெரும்பாலானோருக்குக் கிடைப்பதுமில்லை.

இலங்கை விஷயத்துக்கு வருவோம். இங்கே வேலையில்லாதவருக்கு என்று அரசு மாதாமாதம் தரும் காப்புறுதி எதுவும் கிடையாது. வேலையும் போய், உடம்பும் ஏலாமல் இருப்பவருக்குத் தட்டுவதற்கு இருப்பது நலன்புரிக் கதவு ஒன்றுதான். பிறகு அதன் முன்னால் கூட்டம் கூடாமல் என்ன செய்யும்?

மாற்றுத்திறனாளிகளுக்கான மாதக் கொடுப்பனவு 2025 வரவு செலவுத் திட்டத்தில் 7,500 ரூபாயிலிருந்து 10,000 ஆனது. சிறுநீரக நோயாளருக்கும் அதே தொகைதான். சிறுநீரக நோய் அதிகமுள்ள பதவி சிறிபுர பக்கம் இருப்பவர்களுக்கு அது எவ்வளவு முக்கியம் என்று சொல்லத் தேவையில்லை. இது குறைந்த வருமானக் குடும்பங்களுக்கான உதவி. அதனால் ஊனம் இருப்பதாலேயே காசு வந்துவிடாது, வீட்டு நிலைமையையும் பார்ப்பார்கள். அஸ்வெசும என்ற அரச நலன்புரி உதவித் திட்டத்துக்கான தெரிவு வேறு; அதில் கல்வி, சுகாதாரம், பொருளாதாரம், சொத்து, வீடு, குடும்ப அமைப்பு என்று 22 குறிகாட்டிகளை வைத்துப் புள்ளி போடுகிறார்கள்.

முதலில் கிராம உத்தியோகத்தரிடம் போங்கள், அப்புறம் உங்கள் பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரிடம். கிண்ணியாக்காரர் திருகோணமலைப் பட்டினமும் சூழலும் பிரதேச செயலகத்துக்கு வந்து வரிசையில் நின்று பயனில்லை. அடையாள அட்டை, வங்கிப் புத்தகம், வைத்தியச் சான்று மூன்றையும் கையோடு கொண்டுபோங்கள். சான்றில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். “முழங்கால் தேய்வு” என்று நோயின் பெயர் மட்டும் இருந்தால் வாசிப்பவருக்கு ஒன்றும் விளங்காது. எவ்வளவு நேரம் நிற்க முடியும், எவ்வளவு பாரம் தூக்க முடியும், இது மாறுமா மாறாதா என்பதையும் எழுதித் தரும்படி வைத்தியரிடம் கேளுங்கள். கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அஸ்வெசுமவில் பெயர் விடுபட்டால் மேன்முறையீட்டுக் காலம் அறிவிக்கப்படும். நலன்புரி நன்மைகள் சபையை 1924 என்ற இலக்கத்தில் அழைத்துக் கேட்கலாம்.

கம்பனியில் வேலை செய்தவர்கள் இன்னொன்றை மறந்துவிடுகிறார்கள். நிரந்தரமாக, முழுதாக வேலை செய்ய இயலாமல் போனால் ஊழியர் சேமலாப நிதியை 55 வயதுவரை காத்திராமல் எடுக்கலாம். பெண்களுக்கு அந்த வயது 50. வைத்திய சபை உறுதிப்படுத்த வேண்டும். விண்ணப்பம் ‘கே’ படிவம், கொடுப்பது தொழில் அலுவலகத்தில். அது உங்கள் சம்பளத்தில் 8 சதவீதமும் முதலாளி போட்ட 12 சதவீதமும் சேர்ந்த சொந்தக் காசு. வேலை செய்யும்போது நடந்த விபத்து என்றால் வேலையாள் நட்டஈட்டுச் சட்டம் தனியாக இருக்கிறது. கொடுப்பனவு கிடைத்துவிட்டதே என்று அதை விட்டுவிடாதீர்கள்.

கொடுப்பனவு எடுப்பவர்களிடம் அடிக்கடி கேட்பது ஒரு பயம்: சின்ன வேலை ஒன்று கிடைத்தால் காசை வெட்டிவிடுவார்களோ? வீட்டு வருமானத்தைப் பார்க்கிற திட்டம் என்பதால் அந்தப் பயத்தைச் சும்மா தள்ளிவிட முடியாது. நிரந்தரமில்லாத வேலைக்காக நிச்சயமான 10,000 ரூபாயை யார் விடுவார்கள்? வேலைக்குப் போ என்று சொல்லும் திட்டம் இந்த இடத்தில் ஆளைக் கட்டிப்போடுகிறது என்பதுதான் என் எண்ணம். அரச வேலைகளில் 3 சதவீதத்தை மாற்றுத்திறனாளிகளுக்கு ஒதுக்கும் சுற்றறிக்கை 1988 இலிருந்தே இருக்கிறது. வர்த்தமானியில் வெற்றிடம் வரும்போது அந்த ஒதுக்கீட்டைச் சொல்லி விண்ணப்பிக்கலாம். தகைமையும் வேலைக்கு ஏற்ற உடல்நிலையும் இருந்தால் போதும்.