ரெப்ளிகண்ட்: தமிழில் என்ன சொல்லலாம்?

‘பிளேட் ரன்னர் 2019’ காமிக்ஸைப் பற்றித் தமிழில் எழுத உட்கார்ந்தாலே முதலில் இடிக்கிற சொல் ரெப்ளிகண்ட், அதாவது மனிதரைப் போலவே செய்யப்பட்ட ஆள். 1982இல் ரிட்லி ஸ்காட் எடுத்த ‘பிளேட் ரன்னர்’ படத்தின் அதே மழை நனைந்த லாஸ் ஏஞ்சல்ஸ், ஆஷ் என்ற பெண் போலீஸ் அதிகாரி, காணாமல்போன ஒரு தாயும் மகளும் என்று கதை போகிறது. 2019இல் டைட்டன் காமிக்ஸ் வெளியிடத் தொடங்கிய தொடர்; எழுதியவர்கள் மைக்கேல் கிரீன், மைக் ஜான்சன். ஆஷின் வேலையே தப்பி வந்த ரெப்ளிகண்டுகளைத் தேடிப்பிடித்துக் கொல்வதுதான்.

ரெப்ளிகண்ட் என்றால் ரோபோ என்று எழுதிவிடுகிறார்கள், அது தவறு. உள்ளே கம்பியும் பல்சக்கரமும் கிடையாது, ரத்தமும் சதையுமாக மரபணுப் பொறியியலில் உருவாக்கப்பட்ட ஆட்கள். பார்த்தால் வித்தியாசம் தெரியாது. கேள்வி கேட்டுக் கண்ணின் பாவை எப்படி விரிகிறது என்று பார்த்துத்தான் பிரித்தறிய வேண்டும்.

சொல் பிறந்த கதை சுவையானது. படத்துக்கு மூலமான பிலிப் கே. டிக்கின் 1968 நாவலில் இவர்கள் ஆண்ட்ராய்டுகள். அது பழகித் தேய்ந்த சொல்லாக இருக்கிறதே என்று திரைக்கதையாசிரியர் டேவிட் பீப்பிள்ஸ் வேறு சொல் தேட, உயிரியல் படித்த அவருடைய மகள் உயிரணு தன்னைப் போலவே இன்னொன்றை உண்டாக்குவதைக் குறிக்கும் ‘ரெப்ளிகேஷன்’ என்ற சொல்லை நினைவுபடுத்தினார், அதிலிருந்து வந்தது இது. அதற்கும் பின்னால் போனால் லத்தீன், திரும்ப மடிப்பது என்று பொருள்.

சரி, தமிழுக்கு வருவோம். ‘நகலி’ என்று சொல்லிப் பார்க்கலாம், ஆனால் நகல் அரபியிலிருந்து வந்தது, அசலும் அப்படித்தான். அதைவிடப் பெரிய சிக்கல், நகல் என்றவுடன் யாருடைய நகல் என்ற கேள்வி வந்துவிடும். ரெப்ளிகண்டுகள் பொதுவாகக் குறிப்பிட்ட ஒருவரின் நகல் இல்லை, மனித இனத்தையே பார்த்துச் செய்தவர்கள். ‘செயற்கை மனிதன்’ பொருளைச் சொல்கிறது, ஆனால் ஒரு வசனத்தில் நாலு முறை வந்தால் காமிக்ஸின் பேச்சுக் குமிழி தாங்காது.

என் தேர்வு ‘படியாள்’. ஓலைச்சுவடியைப் பார்த்து எழுதுவதைப் படியெடுத்தல் என்கிறோம் அல்லவா, அந்தப் படி. இன்னொரு காரணமும் இருக்கிறது, எனக்கு அதுதான் முக்கியம்: படியாள் என்ற சொல் தமிழ்நாட்டு வேளாண்மையில் ஏற்கெனவே உண்டு, தானியத்தைப் படியால் அளந்து கூலியாக வாங்கிக்கொண்டு ஒரே பண்ணையில் கட்டுண்டு கிடந்த ஆள். பல இடங்களில் கடன் அவரைக் கொத்தடிமையாகவே வைத்திருந்தது. படத்தின் ரெப்ளிகண்டுகளும் வேற்றுலகக் குடியேற்றங்களில் அடிமை வேலைக்கென்றே செய்யப்பட்டவர்கள். அவர்களில் நெக்ஸஸ்-6 என்ற வகைக்கு ஆயுளே 4 வருடம், அதையும் அவர்களைச் செய்த கம்பெனிதான் படியளக்கிறது. ரோபோ என்ற சொல்லும் இதே வழியில் வந்ததுதான்: 1920இல் செக் எழுத்தாளர் காரெல் சாப்பெக் தன் நாடகத்துக்காகக் கையாண்டது, அடியில் இருப்பது கட்டாய உழைப்பைக் குறிக்கும் ‘ரொபோட்டா’. அவருடைய ரோபோக்களும் இரும்பு இல்லை, சதைதான்.

பன்மைக்குப் படியாட்கள், பெண்ணுக்கும் ஆணுக்கும் ஒரே சொல். பண்ணைப் படியாளோடு குழம்பாதா என்று கேட்டால், கதைச் சூழலே பிரித்துக் காட்டிவிடும். கொஞ்சம் குழம்பினாலும் எனக்குச் சம்மதமே.