பழைய போர்ஷே 911: சைலன்சர் வாங்கும் முன் ஹீட்டரைப் பாருங்கள்

காற்றால் குளிரும் போர்ஷே 911-ல் ரேடியேட்டர் கிடையாது. மற்ற கார்களில் என்ஜினைச் சுற்றிவரும் வெந்நீர் ஹீட்டருக்குச் சூடு தரும். 1964 முதல் 1989 வரை தயாரான பழைய வடிவ 911-களில் அந்த வேலையைப் புகைக்குழாய் செய்கிறது. என்ஜினின் ஒவ்வொரு பக்கத்திலும் மூன்று சிலிண்டர்களின் குழாய்களை ஒரு தகரக் கூடு மூடியிருக்கும். அதுதான் ஹீட் எக்ஸ்சேஞ்சர். என்ஜின் ஃபேன் தள்ளும் காற்று அந்தக் கூட்டுக்குள் புகுந்து, சுடும் குழாயை உரசிச் சூடேறி, கதவுக்குக் கீழே உள்ள பெட்டிச்சட்டம் வழியாக உங்கள் காலடிக்கும் முன்கண்ணாடிக்கும் வருகிறது. நீங்கள் மூச்சுவிடும் காற்றுக்கும் கார்பன் மோனாக்சைடுக்கும் நடுவே இருப்பது ஒரு குழாயின் சுவர் மட்டுமே.

அதனால் இந்தக் காருக்குச் சைலன்சர் தேடும்போது சத்தத்தில் தொடங்கக் கூடாது. ஹீட் எக்ஸ்சேஞ்சரைப் பார்த்த பிறகே சைலன்சருக்கு விலை கேட்க வேண்டும். ஓட்டை விழுந்த பழைய சைலன்சரில் புகை வெளியேறப் பல வழிகள் இருந்திருக்கும். அதைக் கழற்றிவிட்டுக் கச்சிதமான புதியதைப் பூட்டினால் அந்த வழிகள் அடைபடும். முன்னால் இருக்கும் எக்ஸ்சேஞ்சரில் கடுகளவு துளை இருந்தாலும் புகை இனி அங்கே அதிகமாகக் கசியும்.

கார்பன் மோனாக்சைடுக்கு நிறமோ மணமோ இல்லை. ரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாகப் பற்றிக்கொள்ளும். தலைவலி, குமட்டல், கண் செருகல் என்று தொடங்கி, காரைவிட்டு இறங்கினால் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளியும். மலைப்பாதைக் களைப்பு என்று எண்ணிவிடுவது எளிது. ஒரே ஒரு பிஸ்டன் என்ஜின் உள்ள விமானங்கள் பலவற்றிலும் இதே ஹீட்டர் முறைதான். 2019 ஜனவரியில் கால்பந்து வீரர் எமிலியானோ சாலா சென்ற பைப்பர் மாலிபு விமானம் ஆங்கிலக் கால்வாயில் விழுந்தது. அவருடைய ரத்தத்தில் கார்பன் மோனாக்சைடு கலந்த ஹீமோகுளோபின் 58 சதவீதம் இருந்தது. விமானியும் என்ஜின் புகையால் பாதிக்கப்பட்டிருக்கக்கூடும் என்று பிரிட்டனின் விமான விபத்து விசாரணைப் பிரிவு முடிவுக்கு வந்தது.

எக்ஸ்சேஞ்சரைச் சோதிக்க நல்ல நேரம் சைலன்சர் கழன்றிருக்கும் நேரம்தான். முதலில் சிலிண்டர் ஹெட்டோடு சேரும் இடத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். கருப்பாகக் கரி படிந்த கோடு தெரிந்தால் அங்கே கேஸ்கெட் (இணைப்பை அடைக்கும் தகடு) வழியாகப் புகை கசிகிறது. பிறகு ஹீட்டர் ஹோஸைக் கழற்றி, கூட்டுக்குள் போரோஸ்கோப் என்னும் மெல்லிய குழாய்க் கேமராவை விட்டு, உள்ளே ஓடும் குழாயின் மேல்பரப்பைப் பாருங்கள். கூடு வெளியே பளபளவென்று இருக்கும், உள்ளே குழாய் செதில் செதிலாக உரியும். வெளித்தோற்றத்தை நம்பாதீர்கள். சந்தேகம் தீர ஸ்மோக் மெஷின் வேண்டும்: சைலன்சர் பக்கத்து வாயில் புகையை ஏற்றி, ஹீட்டர் வாயில் ஒரு இழை புகையாவது வருகிறதா என்று பாருங்கள். வந்தால் அந்த எக்ஸ்சேஞ்சரை மாற்றித்தான் ஆக வேண்டும். கூட்டின் மேல் ஒட்டு வைப்பதால் பயனில்லை, துளை இருப்பது உள்ளே.

துரு ஏன் உள்ளிருந்து வருகிறது? ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் நீராவியாக வெளியேறுகிறது. நீண்ட தூரம் ஓடினால் அது பறந்துவிடும். ஐந்து நிமிடம் ஓட்டிக் கொட்டகையில் நிறுத்தினால் சைலன்சரின் அடிவயிற்றில் தேங்கும். ஞாயிறு தோறும் ஸ்டார்ட் செய்து பத்து நிமிடம் நின்ற இடத்திலேயே ஓடவிடும் பழக்கம் சைலன்சரின் ஆயுளைக் குறைக்கிறது.

இனி தேர்வு. 1974 வரை வந்த வண்டிகளில் பெரும்பாலும் இரண்டு எக்ஸ்சேஞ்சரும் தனித்தனியே சைலன்சருக்குள் நுழையும்: இரண்டு உள்வாய், இடப்பக்கம் ஒரு வால்குழாய். 1975-க்குப் பிறகு பெரும்பாலானவற்றில் இரு பக்கமும் குறுக்குக் குழாயால் இணைந்து ஒற்றை வாயாகப் போகும். இரண்டு வகைச் சைலன்சரும் ஒன்றுக்கொன்று பொருந்தாது. 911-ன் பிந்தைய மாடல்களான எஸ்.சி., 3.2 கரேரா வண்டிகளைப் பழைய முறைக்கு மாற்ற விரும்புகிறவர்கள் சைலன்சர், எக்ஸ்சேஞ்சர் விலையோடு கணக்கை முடித்துவிடுகிறார்கள். ஆயில் குழாய்களையும் ஹீட்டர் ஹோஸ் இணைப்புகளையும் சேர்த்து மாற்ற வேண்டியிருக்கும் என்பது வண்டி லிஃப்டில் ஏறிய பிறகே தெரியவருகிறது.

பந்தயத்துக்கான வெறும் ஹெடர்களை, அதாவது எக்ஸ்சேஞ்சருக்குப் பதிலாகப் பூட்டும் கூடில்லாத புகைக்குழாய்களை, ரோட்டு வண்டிக்குப் பரிந்துரைக்க மாட்டோம். எக்ஸ்சேஞ்சர் போனால் ஹீட்டர் போகும், அதோடு கண்ணாடிப் பனியை நீக்கும் காற்றும் போகும். மழைநாளில் முன்னால் எதுவும் தெரியாது.

உலோகத்தைக் காந்தத்தால் சோதியுங்கள். 304 ரக ஸ்டெயின்லெஸ்ஸில் காந்தம் ஒட்டாது. 409 ரகத்தில் ஒட்டும். மேலாகப் பழுப்பேறினாலும் சாதாரண இரும்பைவிட நெடுநாள் நிற்கும். சாதாரண இரும்புச் சைலன்சர் மட்டம் என்று சொல்ல வரவில்லை. அதன் தடித்த தகடு சத்தத்தை அடக்கும், மெல்லிய ஸ்டெயின்லெஸ் சில நேரம் தகர ஓசை தரும். காசைச் செலவழிக்க வேண்டிய இடம் எக்ஸ்சேஞ்சர்தான், அங்கே ஸ்டெயின்லெஸ் வாங்குங்கள்.

சத்தத்தைப் பற்றி ஒன்று. இந்த என்ஜின் ஒரு சுற்றுக்கு மூன்று முறை வெடிக்கிறது. 3,000 ஆர்.பி.எம்.-ல் அது நொடிக்கு 150 துடிப்பு. நெடுஞ்சாலையில் மணிக்கணக்கில் ஓடும் வேகம் அந்தப் பக்கம்தான் வரும், அங்கே கேபினும் சேர்ந்து அதிர்ந்தால் காதுக்குள் ஒரே ரீங்காரம். வீடியோவில் கேட்கும் முறுக்கல் சத்தம் இதைச் சொல்லாது. வாங்கும் முன் அதே சைலன்சர் போட்ட வண்டியில் அரை மணி நேரமாவது உட்கார்ந்து பாருங்கள்.

ஜெர்மனியில் 30 ஆண்டு கடந்த வண்டிக்கான எச் எண்பலகை வைத்திருப்பவர்கள், அந்தக் காலத்துக்குப் பொருந்தும் சைலன்சரா என்பதையும், பதிவுப் பத்திரத்தில் குறித்த நின்ற நிலைச் சத்த அளவையும் பார்த்துக்கொள்ள வேண்டும். அமெரிக்காவில் கேட்டலிடிக் கன்வர்ட்டரோடு (புகையின் நச்சைக் குறைக்கும் பாகம்) வந்த வண்டியிலிருந்து அதைக் கழற்றி ரோட்டில் ஓட்டுவது சட்டமீறல்.

கழற்றும் வேலையில் கெடுவது ஸ்டட், அதாவது எக்ஸ்சேஞ்சரை ஹெட்டோடு பிடித்திருக்கும் மரையாணி. சிலிண்டருக்கு இரண்டு வீதம் மொத்தம் 12. பழைய எக்ஸ்சேஞ்சரில் சில நட்டுகளை அதிலுள்ள துளை வழியாக 8 மி.மீ. அளவுள்ள நீண்ட ஆலன் கீ விட்டுத்தான் கழற்ற முடியும். இரண்டு மூன்று நாள் முன்பிருந்தே துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஊறவையுங்கள். நட்டை மட்டும் சூடாக்கி, கையால் முன்னும் பின்னும் ஆட்டிக் கழற்றுங்கள். இம்பாக்ட் கன் வேண்டாம். முறிந்தால் மிச்சத்தின் மேல் நட்டு வைத்து வெல்ட் அடித்து, அந்தச் சூட்டிலேயே திருப்பி எடுங்கள். கையில் டிரில் பிடித்துத் துளைத்தால் பிட்டு கெட்டியான இரும்பை விட்டு விலகி மெத்தென்ற அலுமினிய ஹெட்டைத் தின்றுவிடும்.

பூட்டும்போது ஹெட்டுக்கு ஆறு புதுக் கேஸ்கெட், சைலன்சர் வாய்களுக்குப் புதியவை, நட்டுகளும் புதியவை. எல்லாவற்றையும் முதலில் தளர்வாக மாட்டி, சைலன்சர் தானாக உட்கார்ந்த பிறகு ஹெட்டிலிருந்து பின்னோக்கி இறுக்குங்கள், சைலன்சரைத் தாங்கும் இரும்புப் பட்டைகளைக் கடைசியில். பட்டையை முதலில் இறுக்கிவிட்டு ஃபிளாஞ்சை (குழாய்கள் சேரும் விளிம்பை) இழுத்துச் சேர்த்தால் அந்த இழுவிசையே பிறகு வெல்டைப் பிளக்கும். வால்குழாயின் நுனி பம்பரைத் தாண்டி வெளியே நிற்கட்டும். என்ஜின் மூடியின் கிராதி அதற்கு நேர் மேலே இருப்பதால், குட்டையான குழாயின் புகையை ஃபேன் உறிஞ்சி நேராக ஹீட்டருக்கு அனுப்பும். என்ஜினைச் சுற்றியுள்ள ரப்பர் சீல் கிழிந்திருந்தாலும் இதேதான் நடக்கும், எக்ஸ்சேஞ்சர் புத்தம் புதிதாக இருந்தாலும் சரி.

வேலை முடிந்ததும் சிறு அளவையும் எண்ணாகக் காட்டும் கார்பன் மோனாக்சைடு மீட்டரை மூச்சுவிடும் உயரத்தில் வையுங்கள். வீட்டு அலாரம் உதவாது: அமெரிக்கத் தரப்படி 70 பி.பி.எம்.-க்கு (பத்து லட்சம் பங்கு காற்றில் 70 பங்கு) அது ஒரு மணி முதல் நான்கு மணி நேரம் கழித்தே கத்தும். திறந்தவெளியில் ஜன்னலை மூடி, ஹீட்டரை முழுதும் திறந்து, பத்து நிமிடம் ஐடிலில் விடுங்கள். பிறகு ஹீட்டரை மூடி, ஜன்னலைக் கொஞ்சம் இறக்கி ஓட்டிப் பாருங்கள். ஹீட்டர் திறந்தபோது மட்டும் எண் ஏறினால் எக்ஸ்சேஞ்சர், ஹெட் கேஸ்கெட், என்ஜின் ரப்பர் சீல் ஆகியவற்றைச் சந்தேகியுங்கள். ஹீட்டர் மூடியும் ஏறினால் வால்குழாய், பின்கண்ணாடி ரப்பர், தரையில் உள்ள துளைகள் ஆகியவற்றைப் பாருங்கள். 30 பி.பி.எம்.-ஐத் தாண்டினால் வண்டியை நிறுத்தி இறங்கிவிடுங்கள். என்ஜின் ஆறிய பிறகு 12 நட்டையும் மேனுவலில் உள்ள டார்க் (இறுக்கும் விசை) அளவுக்கு மறுபடி இறுக்கி, இதே சோதனையை இன்னொரு முறை செய்யுங்கள்.